ச்சக்

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில்
டயர்க்கடை மாடியில் பதிவு.
நாற்பது நொடி சோலோ வைத்திருந்தேன்,
ஒரு மழைக்காலம் முழுக்க
விரல்நுனி தேய்த்துச் சேர்த்தது.

இம்தியாஸ் தோஹாவிலிருந்து திரும்பியிருந்தான்.
பக்கத்துக் கட்டில் ஜமைக்காக்காரன்
பிஸ்கட் டின்னில் தட்டிக்காட்டிய கணக்கு:
மூணு, மூணு, ரெண்டு.
"எட்டுதானே?" என்றேன்.
"எட்டுதான். ஆனா நொண்டி ஆடுது பாரு."

முனிரத்னம் பாதி டிரம்ஸைக் கழற்றிப்
படிக்கட்டில் வைத்தான்.
பேஸ் ஏற ஏற
கீழே ஸ்பேனர்கள் தரையில் நகர்ந்தன.
சலோமி பாடவில்லை.
கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கும் குரலில்
பேசினாள். ஒரே டேக்.

கரண்ட் போய் வந்ததும்
என் சோலோவைக் காணோம்.
"அழிஞ்சிடுச்சா?"
யாரும் என்னைப் பார்க்கவில்லை.

மிச்சமிருந்தது,
கம்பியை அமுக்கி
ஒலிக்குமுன் கொன்று
இரண்டு அடிக்கு நடுவே போட்ட
ஒரு ச்சக்.

இப்போது மாங்கனிக் கண்காட்சித் திடலில்
ராட்டினத்துக்குக்கூட அந்தப் பாட்டுதான்.
ச்சக் வரும்போதெல்லாம்
முன்பின் தெரியாத தோள்கள் துள்ளுகின்றன.
மிளகாய் பஜ்ஜியோடு ஓரமாக நிற்கிறேன்.
என் தோள் மட்டும்
எல்லோருக்கும் அரை நொடி முன்னால்
துள்ளிவிடுகிறது.