விசாரணை மேசை

ஆறு வருட உழைப்பு
நாற்பத்து மூன்று கோப்புகளாகத் திரையில் கிடக்கிறது.
ஜூலைக் குளிர். மொண்டெவிடெயோவின் கடற்காற்று
ஜன்னல் இடுக்கில் விசிலடிக்கிறது.
பத்தாம் தேதி வாடகை.

பத்துப் பக்கம் தாண்டி எவனும் புரட்டமாட்டான்
என்கிறாள் யாசிரா. அவளும் என்னைப் போலத்தான்,
மாதச் சம்பளத்தை விட்டு வெளியே குதித்தவள்.

முதலில் வங்கிச் சின்னம்.
பெரிய பெயர், பார்த்ததும் புருவம் உயரும்.
அதில் நான் செய்தது
நிழலை இரண்டு புள்ளி இடப்பக்கம் தள்ளியது.
'நிழல் நகர்த்தியவர்: யமாண்டு எச்செவெரி'
என்று கீழே எழுதிப் பார்த்தேன்.
எனக்கே சிரிப்பு வந்தது. நீக்கிவிட்டேன்.

நண்பனின் கல்யாண அழைப்பிதழ்
அழகுதான்.
காட்டினால் அதுபோலவே வந்து சேரும்,
காசில்லாமல்.

ஜாம் புட்டியின் சீட்டு இருக்கட்டும்.

அப்புறம் அந்த மருத்துவமனை.
பதினான்கு மாதம்.
எந்தத் திருப்பத்தில் கால் தயங்குகிறது,
சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் எவ்வளவு உயரம்,
எல்லாம் அளந்து மாட்டிய பலகைகள்.
படமெடுத்தால்
சுவரில் ஒரு நீல அம்பு.
இதற்கா பதினான்கு மாதம் என்று கேட்கும் அம்பு.

யாரும் வழி தவறவில்லை என்பதை
எப்படிப் படமெடுப்பது?

செவ்வாய்க்கிழமை கேமராவோடு போய் நின்றேன்.
மாத்தே குடுவையை அக்குளில் இடுக்கிய ஒருவர்
பலகையை ஏறிட்டும் பாராதவர்போல்
சரியாக இடப்பக்கம் திரும்பினார்.
இடுப்பில் பிள்ளையோடு ஓடிவந்த பெண்
மூன்று முக்கிலும் நிற்கவில்லை.
படத்தில் இரண்டு பேரும் வெறும் மங்கல்.

விசாரணை மேசையில் நேலிடா
குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.
"ஏழெழுத்தில் ஓர் ஆறு, தெரியுமா?"
"நாம் நிற்கிற நாடு" என்றேன்.
எழுதிக்கொண்டாள்.
"முன்பெல்லாம் நாளைக்கு இருநூறு பேர் கேட்பார்கள்.
இப்போது பதினொன்று. உன்னால்."
நன்றியா புகாரா, பிடிபடவில்லை.

காலியான மேசை, பாதி நிரம்பிய கட்டங்கள், ஆவி பறக்கும் மாத்தே.
இதுதான் என் படம் என்று தெரிந்துவிட்டது.
அவளுக்கும் தெரிந்துவிட்டது.
"மேலிடத்துக்கு மட்டும் காட்டிவிடாதே" என்றாள்,
சிரிக்காமல்.

கேமராவை மூடினேன்.
அந்தப் பதினோரு பேர் யார் என்று கேட்டேன்.

ராத்திரி இரண்டு மணி.
ஏழாம் பக்கத்தில் அம்பின் படத்தையே வைத்து
அடியில் இப்படி எழுதினேன்:
'முன்பு வழி கேட்டவர்கள் இருநூறு. இப்போது பதினொன்று.
கண்ணாடியை மறந்து வந்தவர்கள்,
எழுத்துத் தெரியாதவர்கள்,
பயத்தில் எழுத்தை மறந்தவர்கள்.
என் பலகை அவர்களுக்குப் போதவில்லை.
நேலிடா கூடவே நடந்துபோய் விட்டுவருகிறாள்.'

தோற்றதையும் எழுதுவாயா என்று யாசிரா கேட்டாள்.
அதற்குள் அனுப்பியிருந்தேன்.

மூன்று பேர் பதிலே போடவில்லை.
ஒன்பதாம் தேதி மாலை நான்காமவரிடமிருந்து
ஒரே வரி:

நேலிடா யார்?