ஐந்தாவது எழுத்து

வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில்
ஐந்தாவது எழுத்து எப்போதும் சைபர்.
பதினேழு வருஷம் பில் போட்டவனுக்குத் தெரியாதா?
தெரியும்.
ஆனாலும் அந்த மே மாதம்
கத்திரி வெயிலில் சத்துவாச்சாரியே தகித்துக் கிடக்க
ஃபேன் காற்றும் முகக்கவசத்துக்குள் என் மூச்சும்
ஒரே சூட்டில் இருந்த மத்தியானத்தில்
ஒரே ஒரு பெயருக்கு நேரே
சைபருக்குப் பதில் 'ஓ' அடித்துவிட்டேன்.
இரண்டும் வட்டம்தான்.
ஒன்று கொஞ்சம் ஒல்லி.

ஊக்கத்தொகை அறிவித்த அன்று
டிவியின் அடியில் ஓடிய வரியை
மாவட்டமே படித்தது:
டாக்டருக்கு இவ்வளவு, நர்ஸுக்கு இவ்வளவு,
மற்றவர்களுக்குப் பதினைந்தாயிரம்.
எங்கள் மேசைக்கு வந்தவை பட்டியல்கள்.
அணைக்கட்டிலிருந்து, பேரணாம்பட்டிலிருந்து,
வாட்ஸப்பில் சாய்வாக எடுத்த படங்கள்,
பாஸ்புக்கின் மேல் யாரோ வைத்த கட்டைவிரலோடு.
விரலுக்கடியில் ஒளிந்த எண்ணை
ஃபோன் போட்டுக் கேட்டேன்.
எடுத்தவர்கள் எல்லோரும்
இரண்டு கவசத்துக்குள்ளிருந்து பேசினார்கள்.
ஆறா ஏழா,
ஏழா ஆறா என்று
மூன்று நாள் போனது.

பணமும் போனது.
சூ. எப்சிபா, ஆய்வக நுட்புநர், ஒப்பந்தம், ஒடுகத்தூர்:
அவளுடையது மட்டும் திரும்பி வந்தது.
திரும்பிய பணம் ஒன்றும் கேட்காது.
மார்ச் முப்பத்தொன்று வரை
கருவூலக் கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும்.
அப்புறம்
காலாவதி.

பிப்ரவரியில் வந்தாள்.
வரும் வழியில் பஸ் டயர் வெடித்ததாம்,
வியர்த்திருந்தாள்.
பார்த்ததுமே தெரிந்துவிட்டது எனக்கு.
கலெக்டர் ஆபீஸ் முகாமில் என் மூக்கில் குச்சி விட்டவள்.
'பத்து எண்ணுங்க சார்' என்று சொல்லி
ஏழிலேயே எடுத்துவிட்டவள்.
சொன்னேன்.
'ஞாபகமில்ல சார்,
எனக்கு எல்லாருமே ரெண்டு ஓட்டைதான்' என்றாள்.

மன்னிப்புக் கேட்க
அலுவலகத்தில் படிவம் இல்லை.
'உங்க பேங்க்கை வேற பேங்க்கோட இணைச்சுட்டாங்கம்மா,
அதனாலதான்' என்றேன்.
இணைத்தது உண்மை.
அதனால்தான் என்பது பொய்.

'பரவால்ல சார்.
அந்தத் துட்டு அறிவிச்ச அன்னிக்கே செலவாயிடுச்சு.'
சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே
வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னாராம்.
புது அறைக்கு அட்வான்ஸ்,
அரசாங்கம் தரப்போகிற பதினைந்தை நம்பி
பதினைந்து கடன்.
மூணு வட்டி.
ஒன்பது மாசம்.

அவள் தண்ணீர் குடித்த நேரத்தில்
நாட்காட்டியின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
ஒரு 'ஓ'வின் விலை
நாலாயிரத்து ஐம்பது.
தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

எழுந்தவள் நின்று கேட்டாள்:
'வேண்டாவுக்கு வந்துச்சா சார்?'

யார்?

'நான் எடுத்த குச்சி, கழட்டின அங்கி,
எல்லாத்தையும் மஞ்சப் பையில கட்டித் தூக்கினவங்க.
எனக்குக் காய்ச்சல் வந்தப்ப
ஜன்னல்ல கஞ்சி வெச்சிட்டுப் போனவங்க.'

மேலிருந்து கீழ் தேடினேன்.
கீழிருந்து மேல் தேடினேன்.
ஏஜென்சி ஆள். இந்த ஆணையில் வரமாட்டார்கள்.
'நாலாவது பொண்ணாம் அவங்க.
பேரே அப்படித்தான் வெச்சிருக்காங்க' என்று சிரித்தாள்.
நானும் சிரித்துவைத்தேன்.

அன்று சாயங்காலமே பில்லை மறுபடி போட்டேன்.
ஐந்தாவது இடத்தில் சைபர்.
விரலால் தொட்டுப் பார்க்காத குறை.
மார்ச் இருபத்தாறில்
'ஏறிடுச்சு சார்' என்று செய்தி அனுப்பினாள்.

அதற்கு முன்னால் ஒன்று செய்தேன்,
யாரிடமும் சொல்லவில்லை.
பட்டியலின் கடைசி வரி காலியாக இருந்தது.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
வேண்டா என்று அடித்துப் பார்த்தேன்.
பணியாளர் எண் கட்டாயம் என்று
சிவப்பில் வந்தது.
பின்னாலிருந்து அழித்தேன்.
முதலில் 'டா' போனது.
'வேண்' என்று கொஞ்ச நேரம் நின்றது திரையில்.

கோப்பில் இன்றும் இருக்கிறது என் குறிப்பு:
தொகை திரும்பிய காரணம், வங்கி இணைப்பு.
கீழே என் சுருக்கொப்பம்.
அதிலும் ஒரு வட்டம்.