அரிசிச் சாக்குக்கு மேலே ஐந்து நாவல்

சாக்குக்கு அடியில வைக்காத, நசுங்கிடும்.
மேல வை. ஐஸ் அறைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.
ரெண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு
ரப்பர் பேண்டால இறுக்கியிருக்கேன்.
அஞ்சு நாவல், நாற்பது நாள்.
எல்லாம் இந்த ரெண்டு மாசத்துல நான் வாசிச்சது.
வாசிக்காத ஒண்ணை உனக்குத் தந்துவிட மாட்டேன்.

முதல்ல அந்த நீல அட்டை.
குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம்,
விடியுமுன்ன பால் வெட்டப் போனவன்
சிரட்டைக்குள்ள ஒரு மோதிரத்தைப் பாக்கான்.
மோதிரத்தோட விரலும் கிடக்கு.
இதுக்கு மேல சொல்ல மாட்டேன்.
நாற்பதாம் பக்கத்துல ஒருத்தன் மேல எனக்குச் சந்தேகம்,
தப்பு.
நூத்திப்பத்துல இன்னொருத்தி மேல,
அதுவும் தப்பு.
போன தடவை மாதிரி
சாட்டிலைட் போன்ல கூப்பிட்டு
பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதான்னு கேக்காம
'ஏட்டி ஜெனிட்டா, கொன்னது மருமவன்தானே'ன்னு கேட்டியோ,
வச்சிருவேன்.
வீல் பிடிக்குற ராத்திரி இதைத் தொடாத.

ரெண்டாவது கோர்ட்டுக் கதை, தடிப் புத்தகம்.
முதல் அறுபது பக்கம் உப்பில்லாக் கஞ்சி.
கூண்டுல அந்தத் தையக்காரி ஏறுறவரை பொறு.
அவ 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவா,
நான் அடுப்பை மறந்து
சோறு அடிப்பிடிச்சது அன்னைக்குத்தான்.

மூணாவது எனக்குப் பிடிக்கல.
பண்டாரி எட்வினுக்குப் பிடிக்கும், அவன்கிட்ட கொடு.

நாலாவதைப் பாதிப் பயணத்துக்கு வை,
மீனே படாத வாரம் ஒண்ணு வருமில்லா, அதுக்கு.
மார்த்தாண்டத்துல ஒரே கல்யாண மண்டபத்தை
ஒரே நாளுக்கு ரெண்டு வீட்டுக்காரவ புக் பண்ணிட்டாவ.
இங்க மாப்பிள்ளைக்குத் தங்கச்சி,
அங்க பொண்ணுக்கு அண்ணன்,
பாயசத்துல தொடங்குற சண்டை முந்நூறு பக்கம்.
ரெண்டும் சேரும்னு மூணாம் பக்கத்துலேயே தெரியும்.
கொலைக்கதையில தெரியாம இருக்கணும்,
இதுல தெரிஞ்சிருக்கணும், கேட்டியா.
கருங்கல் பஸ்ஸுல சிரிச்சுச் சிரிச்சு
கண்டக்டர் பாக்கிச் சில்லறையை ஒழுங்காத் தந்தான், பயந்துபோய்.
சிரிச்ச இடத்துல எல்லாம் பென்சில் கோடு இருக்கு.
அந்த ஆளு குடையை மறந்து வச்சிட்டு
திரும்ப வந்து வேற ஆளு குடையை எடுத்துட்டுப் போறது
நீயேதான்.

அஞ்சாவது நம்ம மாதிரி ஒரு துறை,
நம்ம மாதிரி ஆளுங்க.
நல்ல புத்தகம். இந்த அஞ்சுல இதுதான் நல்லது.
ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டும் ஸ்டேப்ளர் அடிச்சிருக்கேன்.
பதினாலு பக்கம்.
எட்டுல இருந்து பத்துக்குத் தாவிரு.
கதைக்கு ஒண்ணும் குறையாது.
பத்துல அவளுக்கு ஏன் தூக்கம் வரலன்னு
உனக்கு வெளங்காது, அவ்வளவுதான்.
நீ பிரிப்ப. உன்னை எனக்குத் தெரியாதா.
பிரிச்சா திரும்ப அடிச்சு வை,
ஸ்டேப்ளரும் ஒரு பெட்டி பின்னும் கவருக்குள்ள இருக்கு.

ஹெலன் மேடம்கிட்ட சொல்லிட்டேன்.
பதினாலு நாள் கணக்கு கரையில இருக்கிற புத்தகத்துக்காம்,
கடலுக்குப் போற புத்தகத்துக்கு வேறயாம்.
அபராதம் கிடையாது.
ஆனா கேரை வாசம் அடிக்கக்கூடாதாம்.
போன தடவை ஒரு காதல் நாவல்ல
செதில் ஒட்டியிருந்துதுன்னு காட்டினாவ,
நூத்தி எழுபதாம் பக்கம்.
நீ அங்கயா நிறுத்தின?
நானும் அந்தப் பக்கத்தை எடுத்து
நின்ன நிலையில திரும்ப வாசிச்சேன்.
முத்தம்கூட இல்ல.
ரெண்டு பேரும் சந்தைக்குப் போறாவ,
அவ வெண்டைக்கா பொறுக்குறா,
அவன் பை பிடிச்சிட்டு நிக்கான்.