ஆறு இலக்கம்

சூரியநாராயணா தெருவில்
மீன் லாரிகள் சிந்திவிட்டுப் போன ஐஸ் தண்ணீரைத்
தாண்டித் தாண்டிப் போனேன், பையில் பென்டிரைவ்.
போட் இன்ஜின் ஸ்பேர்ஸ் கடை.
போன வருஷம் நடுவே ஒரு பிளைவுட் முளைத்து
பெயர்ப்பலகையையும் கணக்காய் வெட்டியிருந்தது:
இந்தப் பக்கம் சவரி,
அந்தப் பக்கம் பிரதர்ஸ்.

"செல்லுல எழுத்தே தெரியல தம்பி.
மெயில் அத்தினியும் இந்தப் பொட்டில எறக்கிடு.
அங்க ஒண்ணு மிச்சம் இருக்கக் கூடாது."
அங்க என்றபோது அவர் விரல்
பிளைவுட்டைக் காட்டியது.

பொட்டிக்குப் பதினைந்து வயதிருக்கும்.
மூடியைக் கழற்றினால்
விசிறியில் உப்பும் கிரீஸும் குழைந்த களிம்பு,
மூலையில் காலியான பல்லி முட்டை.
பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் துடைத்து ஆன் செய்தேன்.
2009, ஜனவரி ஒன்று, நள்ளிரவு
என்றது கடிகாரம்.
உள்பேட்டரி செத்து எத்தனை காலமோ,
தினம் காலை அதற்கு அதே புத்தாண்டு.
அந்த வருஷம் இந்தக் கடையில்
கல்லாப்பெட்டி ஒன்றுதான் என்று கேள்வி.

புரோகிராம் ஏற நாற்பது நிமிஷம்.
இரண்டு தடவை கரண்ட் போய் முதலிலிருந்து.
பெயர் கேட்டது, போட்டேன்.
சர்வர் கேட்டது, போட்டேன்.
போர்ட் நம்பர் என்று நான் முணுமுணுக்க
"எந்தப் போர்ட்டு? எண்ணூரா, நம்மளுதா?"
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து என்றேன்.
"அவ்ளோ பெர்த்து எங்கயும் கெடையாதேபா."

சான்றிதழ் செல்லாது என்று மறித்தது திரை.
பழைய தேதியில் நிற்கிறவனிடம்
இன்றைய முத்திரையை நீட்டினால்
இன்னும் பிறக்காத முத்திரை என்றுதானே சொல்வான்.
கல்மண்டபத்து வாட்ச் ரிப்பேர்காரரிடம் ஓடி
காசு மாதிரி ஒரு பேட்டரி, நாற்பது ரூபாய்.
மாட்டி, தேதியை இன்றைக்கு இழுத்துவந்தேன்.
அதற்கு வலிக்கவில்லை.

அடுத்து அது சொன்னது:
பதிவுசெய்த போனுக்கு ஆறு இலக்கம் அனுப்பியாயிற்று,
முடிவெண் ஐம்பத்து மூன்று.
"யார் நம்பர் சார் இது?"
சவரிராஜ் ஓர் இம்பெல்லரை எடுத்து
இல்லாத தூசியைத் துடைத்தார்.
பிளைவுட்டுக்கு அந்தாண்டை
ஒரு போன் டிங் என்றது.

பத்து நிமிஷத்தில் செத்துவிடும் எண்.
நான் திரையைப் பார்த்தேன், அவர் இம்பெல்லரை.
எதிரே ஐஸ் உடைக்கும் மெஷின்
ஒரு பாளத்தை மென்று முடித்து நின்றது.
அந்த நிசப்தத்தில்
"தம்பி," என்றார், "நம்பர் வந்துச்சா?"

காலையிலிருந்து என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.
வரல சார் என்று வாயெடுத்தேன்.

"நாலு," என்றது பிளைவுட்.

"ஏழு. ஏழு. சைபர்."

ஒரு செருமல்.
"ரெண்டு."
கடைசி எண்ணுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.
கண்ணாடி தேடியிருக்கலாம்.
"ஒம்போது."

"போடுப்பா," என்றார் என்னிடம்.
தம்பி என்று சொல்லவில்லை.

இன்னும் ஒரு கட்டம் இருந்தது:
பிரதியை சர்வரிலேயே விட்டுவைக்கவா?
ஏற்கெனவே டிக் விழுந்திருந்தது.
அதை எடுக்கத்தான் என்னை வரச்சொன்னது.
"சார், இது..."
இம்பெல்லர் இன்னும் துடைபட்டுக்கொண்டிருந்தது.
இன்னொரு முறை நான் கேட்கவில்லை.

இறங்கத் தொடங்கின.
பழையது முதலில், அதுதான் வழக்கம்.
நாலாயிரத்துச் சொச்சத்தில் ஒன்றாவது:
அனுப்பியவர் ததேயு,
பொருள் டெஸ்ட்,
உள்ளே ஒரே வரி. அண்ணே வருதா.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
மறுபடி இறக்கி,
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்
கீழே இருநூறு வந்து குவிந்த பிறகும்.

எவ்ளோ என்றார்.
முந்நூறு சார், பேட்டரிக்குத் தனியா நாற்பது.
நூற்றுத் தொண்ணூறை எண்ணி வைத்தார்.
"பேட்டரி என்னுது.
மீதிப் பாதியை அந்தாண்ட வாங்கிக்கோ."