பல்லுக்கு

ஃப்ளோரிடா தெருவில் நின்ற இடத்திலேயே
'காம்பியோ, காம்பியோ' என்று கூவுகிறவர்களுக்கு
புவெனஸ் அயர்ஸில் சின்னமரம் என்று பெயர்.
பச்சை இலை வைத்திருப்பதால்.

ஒரு மரத்தின் பின்னால் போய்
இரண்டு மாடி ஏறினாள் நேலிடா.
வலென்சியாவில் மகளுக்குப் பிரசவம்.
யூரோ வேண்டும்.

மாவு டப்பாவில் கிடந்த டாலர்களைக்
கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.

"தலை சின்னதாய் அச்சடித்த பழைய நோட்டு,
நூற்றுக்கு ஐந்து குறையும்."
குறையட்டும்.
"இது ஆகாது அம்மணி, பேனாக் கிறுக்கல்."

திரும்பி வந்த ஒற்றை நோட்டின் ஓரத்தில்
ஒஸ்வால்டோவின் கோணல் எழுத்து:
பல்லுக்கு.

யார் பல்லுக்கு?
இருந்தபோது அவர் சொல்லவில்லை.

யூரோவை எண்ணி
காலுறைக்குள் செருகிக்கொண்டு இறங்கினாள்.
வாசலில் சின்னமரம் பல்லைக் காட்டியது.
அவளும் காட்டினாள்,
முன்னிரண்டு இல்லாமல்.