விழுக்காடு

ஒரு தடவை விழ எட்டணா என்று பேச்சு.
ஜமீன்தார் வேஷக்காரருக்கு முதுகில் வாயு.
வசனம் அவருக்கு, வழுக்கல் எனக்கு.
முகத்தைத் தயிர் மறைத்துவிடும் என்றார்கள்.

கானாடுகாத்தானில் வீடு இரவல் கிடைத்தது.
காசிவிசுவநாதன் செட்டியார் கேட்டது ஒன்றுதான்:
"விழுகிறவனுக்குச் சரிகைத் தலைப்பாகை கட்டுங்க.
எங்கள்ல யாரும் கட்டுறதில்லை."

முட்டைவெள்ளை பூசிய சுவரில்
பட்டு அங்கவஸ்திரம் தெரிந்தது, பித்தளைக் கடுக்கன் தெரிந்தது,
நடுவில் எங்கேயோ சோணமுத்து.

ஆத்தங்குடிக் கல்லில் விளக்கெண்ணெய் ஊற்றினார்கள்.
வேலைக்காரன் தயிர்ப்பானையோடு வருவான்.
உதைக்கக் காலைத் தூக்குவேன்.
தூக்கிய கால் மேலேயே நிற்கும்,
மற்றது போய்விடும்.

முதல் தடவை காக்கை கத்தியது.
மூன்றாவதில் உள்கட்டில் யாரோ உலக்கையைப் போட்டார்கள்.
ஏழாவதில் கணக்கப்பிள்ளை சிரித்துத் தொலைத்தார்;
பூச்சட்டிக்குள் ஒளிந்திருந்த மைக்
அதையும் கேட்டுவிட்டது.

நடுவில் கையை நீட்டினேன்,
சும்மா, முழங்கை மடங்குகிறதா பார்க்க.
வெள்ளிச் செம்பில் தண்ணீர் வந்தது.
கொடுத்தவன் துண்டை இடுப்பில் கட்டியிருந்தான்.
எங்கள் தெருக்காரன்தான்.
கடுக்கனைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.
குடித்துவிட்டேன்.

பதினோராவது சரி.
ஆனால் விழுந்த சத்தம் போதாதாம்.
அரிசி மூட்டை ஒன்றைப்
பட்டாலையிலிருந்து உருட்டிப் பதிந்துகொண்டார்கள்.
மூட்டை ஒரே தடவையில் ஓகே.

கணக்கப்பிள்ளை எழுதினார்: விழுக்காடு ஒன்று, அணா எட்டு.
"மத்த பத்து?" என்றேன்.
"பர்மாக் கடன்னு நினைச்சுக்க."

ஆறு மாதம் கழித்துக் காரைக்குடிக் கொட்டகையில் படம்.
நாற்காலியில் செட்டியார், பெஞ்சில் கணக்கப்பிள்ளை,
மணலில் நாங்கள்.
லைட்டுப் பெட்டி தூக்கப் போனேன் என்றுதான்
மூக்காயிக்குத் தெரியும்.

ஜமீன் விழுந்தது, மூட்டைச் சத்தத்தோடு.
மணல் புரண்டு புரண்டு சிரித்தது.
நாற்காலியும் சிரித்தது,
தலைப்பாகை இருக்கிறதே.
மூக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:
"நல்லா வேணும், நாசமாப் போறவனுக்கு!"

ராத்திரி குப்புறப் படுத்தேன்.
படம் எடுத்த இடத்தில் மிஞ்சியது என்று
நான் கொண்டுவந்திருந்த விளக்கெண்ணெயைச் சூடு காட்டி
நாசமாப் போறவன் இடுப்பில் தேய்த்தாள்,
சிரிப்பு இன்னும் அடங்காமல்,
கொஞ்சம் அழுத்தியே.