தூரக் கணக்கு

கார்கிவில் சைரன்
வெடித்த பிறகுதான் ஊளையிடும்.
எல்லை அவ்வளவு பக்கம்.
ஓஸ்தாப் அதனால் ஓடுவதில்லை;
நடைவழிச் சுவரில் முதுகைச் சாய்த்து
பல் துலக்குவான்.

இங்கே உஷ்கோரோதில்
ட்ரோன் கிளம்பிய சேதி வந்தபின்
மாவு பிசையலாம், பொங்கவிடலாம்,
ரொட்டி சுட்டும் எடுக்கலாம்.
மேல்வீட்டு யரினா பால்கனிச் செடிக்குத்
தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.
இந்தத் தெருவரை எதுவும் வந்ததில்லை.
ஆனாலும்
மூன்று மாடி இறங்கி
நிலவறையில், செர்ரி ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே,
உட்கார்ந்திருப்பது நான்தான்,
அடுப்பை அணைத்தேனா என்று யோசித்தபடி.

"இன்னுமா பயம்?"
போனில் சிரிக்கிறான், வாயில் நுரையோடு.

உனக்கு அதற்கு நேரமில்லை, தம்பி.
எனக்கு
ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறது.